வளைகுடா எழுதாத கணக்கு

வளைகுடா அரசுகள் எண்ணெயைப் பீப்பாய் தவறாமல் எண்ணுகின்றன. எரிவாயுவுக்குக் கணக்கு உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஒவ்வொரு காலனுக்கும் கணக்கு உண்டு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு மட்டும் ஆண்டுதோறும், அந்தந்தக் காலத்திலேயே எழுதி, எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்ட கணக்கு இல்லை. எழுத ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. பணம் இல்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். எழுத மனம் இல்லை. அவ்வளவுதான்.

மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கும்போது பயன்படும் சிரிப்பு வாயுதான் இது. ஆனால் மனிதச் செயலால் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேளாண்மையிலிருந்து வருகிறது. நிலத்தில் இடும் தழைச்சத்து முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. மிஞ்சியதை மண்ணின் நுண்ணுயிர்கள் உடைக்கின்றன. அப்போது கசிவது இந்த வாயு. ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், 273 டன் கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்குகிறது. மேலே போனால் நூறாண்டுக்கு மேல் தங்குகிறது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. 1980-க்கும் 2020-க்கும் இடையில் மனிதர் வெளியேற்றும் அளவு 40 சதவீதம் கூடியிருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு 270 பங்கு இருந்தது. 2022-ல் 336.

இந்த வாயுவின் கணக்கைத்தான் வளைகுடா பத்தாண்டுக் கணக்கில் தட்டிக்கழித்தது.

உலக வங்கியின் தரவுப் பட்டியலில் ஒரு வரிசை இருக்கிறது. 1990-லிருந்து ஒவ்வொரு நாட்டின் நைட்ரஸ் ஆக்சைடு உமிழ்வு எத்தனை சதவீதம் மாறியது என்று அது காட்டும். அமீரகத்தை ஒரு கோடாகவும் கத்தாரை இன்னொரு கோடாகவும் யார் வேண்டுமானாலும் வரைந்து பார்க்கலாம். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று தீர்ப்பும் எழுதலாம். ஆனால் அந்தக் கோடுகளுக்கான எண்கள் அபுதாபியிலிருந்து வந்தவை அல்ல. தோஹாவிலிருந்தும் அல்ல. இத்தாலியின் இஸ்ப்ரா நகரில், ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் பராமரிக்கும் 'எட்கர்' என்ற தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. பன்னாட்டுப் புள்ளிவிவரங்களை எடுத்து, பொதுவான உமிழ்வுக் காரணிகளால் பெருக்கி, அங்கே மதிப்பிடுகிறார்கள். அவர்கள் செய்வது நல்ல வேலை. தம் வீட்டுக் கணக்கை அடுத்தவர் ஊகித்து எழுதும்படி விட்டவர்களைத்தான் நாம் கேட்கிறோம்.

கேள்வி கத்தாரிடமிருந்து தொடங்க வேண்டும். ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கத்தார் சேர்ந்தது 1996-ல். முதல் தேசிய அறிக்கையைக் கொடுத்தது 2011-ல். பதினைந்து ஆண்டுகள். அதில் இருந்த உமிழ்வுக் கணக்கு 2007-ஆம் ஆண்டுக்கானது. அறிக்கை வந்த மறு ஆண்டே, 2012 இறுதியில், உலக நாடுகளையெல்லாம் தோஹாவுக்கு அழைத்து ஐ.நா. காலநிலை மாநாட்டை நடத்தியது அதே நாடு. மண்டபம் தயாராக இருந்தது. கணக்கு தயாராக இல்லை.

கத்தாரை மட்டும் குற்றம் சொல்லி மற்றவர்களைத் தப்பவிட முடியாது. வளரும் நாடுகள் ஈராண்டுக்கு ஒருமுறை தரவேண்டிய புதுப்பிப்பு அறிக்கையின் முதல் தவணை 2014 டிசம்பர். அந்தக் கெடுவுக்குள் கொடுத்த நாடுகளில் நமீபியா இருந்தது. வியட்நாம் இருந்தது. துனீசியா இருந்தது. வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றுகூட இல்லை. நமீபியாவும் பாலைவன நாடுதான். அதற்கு எண்ணெய்ப் பணம் கிடையாது. உலகின் மிக உயரமான கோபுரமும் கிடையாது. கணக்கு இருந்தது. (இந்தியாவும் அந்தக் கெடுவைத் தவறவிட்டது, 2016 ஜனவரியில்தான் கொடுத்தது. இந்தியாவுக்கான கேள்விகள் பின்னால் வருகின்றன.)

விட்டுப்போன ஆண்டுகளைப் பின்னாலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் எண்ணக்கூடும். நிரப்பலாம். ஆனால் அது நினைவிலிருந்து எழுதும் நாட்குறிப்பு. 1994-ல் ஒரு தோட்டத்தில் எத்தனை மூட்டை உரம் போட்டார்கள், 2003-ல் ஒரு கழிவுநீர் நிலையத்துக்கு எவ்வளவு நைட்ரஜன் வந்தது என்பதை இன்று யாரிடம் கேட்பது? அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள் விசா முடிந்து வீடு திரும்பி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

இரண்டு நாடுகளைக் காலப்போக்கில் ஒப்பிட வேண்டுமானால், இரண்டு கணக்குகளும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொடக்க ஆண்டு நேர்மையான ஆண்டாக இருக்க வேண்டும். வளைகுடாவில் இரண்டுமே இல்லை.

குவைத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஆண்டு 1990. அந்த ஆண்டு ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை உள்ளே புகுந்தது. மக்கள் வெளியேறினர். தொழில் நின்றது. அடுத்த ஆண்டு அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தன. கடைசி நெருப்பு நவம்பரில்தான் அணைந்தது. போர் தின்ற ஒரு ஆண்டை அளவுகோலாக வைத்துவிட்டு, அதிலிருந்து எத்தனை சதவீதம் என்று அண்டை நாட்டோடு ஒப்பிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? அந்தக் கோட்டின் அடியில் ஒரு அடிக்குறிப்பு போடும் பொறுப்பு குவைத் அரசுக்கு உண்டு.

சவூதி அரேபியாவுக்கு வேறொரு கதை. பாலைவனத்தில் கோதுமை விளைவித்து உலகத்துக்கு விற்ற நாடு அது. 1992-ல் விளைச்சல் 40 லட்சம் டன் அளவை எட்டியது. வட்டமாகச் சுழலும் பாசனக் குழாய்களின் கீழ் உரமும் நீரும் கொட்டப்பட்டன. நிலத்தடி நீர் வற்றியது. 2008-ல் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்து, 2016-ல் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை நிறுத்தினார்கள். கோதுமை வயலிலிருந்து கசிந்த நைட்ரஸ் ஆக்சைடும் குறைந்திருக்கும். அதைக் காலநிலைச் சாதனை என்று எவரும் எழுதிவிட வேண்டாம். தண்ணீர் தீர்ந்துபோனதால் நின்ற பயிர் அது. இலங்கையில் 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோதும் கோடு இறங்கத்தான் செய்தது. வயலும் சேர்ந்து இறங்கியது. அந்தத் தடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கேட்டால் சொல்வார்கள்.

பிரிட்டனின் கோட்டில் 1990-களின் இறுதியில் ஒரு செங்குத்தான சரிவு தெரியும். நைலானுக்கு மூலப்பொருளான அடிப்பிக் அமிலம் தயாரித்த ஆலையில் 1998-ல் நைட்ரஸ் ஆக்சைடை அழிக்கும் சாதனம் பொருத்தப்பட்டது. 2009-ல் ஆலையே மூடப்பட்டது. எந்த ஆலை, எந்த ஆண்டு, எதனால் என்று கணக்கேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அளந்து எழுதிய கோட்டில் மேடு பள்ளம் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயரும் தேதியும் இருக்கும். வளைகுடாவின் கோடுகளுக்கு அந்தப் பெயரையும் தேதியையும் தர வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை.

தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டும் வழக்கமும் இருக்கிறது. 1990-ல் அமீரகத்தின் மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். வகுக்கும் எண் பெரிதானால் ஈவு சிறிதாகும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. சோனாப்பூரிலும் முசாஃபாவிலும் ஒரு அறையில் எட்டுப் பேராகப் படுத்திருக்கும் நம் தொழிலாளர்களின் தலைகள் இந்த வகுத்தலில் மட்டும் முழுத் தலைகளாக எண்ணப்படுகின்றன. வாக்கு இல்லை, குடியுரிமை இல்லை, நிரந்தர இருப்பு இல்லை. உமிழ்வைக் குறைத்துக் காட்ட மட்டும் அந்தத் தலை வேண்டும்.

இவையெல்லாம் சிறிய குற்றங்கள். பெரிய குற்றம் துறைமுகத்தில் இருக்கிறது.

வளைகுடா உலகின் யூரியாக் கிடங்கு. கத்தாரின் மெசயீதில் இருக்கும் கத்தார் உர நிறுவனம் 1969-ல் தொடங்கப்பட்டது. இன்று ஒரே வளாகத்தில் ஆண்டுக்கு 56 லட்சம் டன் யூரியா தயாரிக்கும் திறன் அதற்கு உண்டு. அபுதாபியின் ருவைஸ் ஆலைக்கு 21 லட்சம் டன். சவூதியின் ஜுபைலில் ஆலைகள் உண்டு. பஹ்ரைனின் சித்ராவில் உண்டு. ஓமானின் சூரில் உண்டு. இந்த நாடுகளின் சொந்த வயல்களுக்கு இதில் துளியே போதும். மீதி கப்பலேறுகிறது.

யூரியா தயாரிக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு பெரிதாக வெளியேறுவதில்லை. நைட்ரிக் அமில ஆலையில்தான் அது வரும். யூரியாவின் நைட்ரஸ் ஆக்சைடு, மூட்டை பிரிந்து மண்ணில் விழுந்த பிறகுதான் பிறக்கிறது. எந்த நாட்டு மண்ணில் பிறக்கிறதோ அந்த நாட்டின் கணக்கில் ஏறுகிறது. பன்னாட்டு விதி அப்படி.

கரியமில வாயுவிலும் இதே கூத்து. அம்மோனியா ஆலையில் உண்டாகும் கரியமில வாயுவைப் பிடித்துத்தான் யூரியா செய்கிறார்கள். ஒரு டன் யூரியாவுக்குள் சுமார் 0.73 டன் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. தயாரித்த நாடு அதைத் தன் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வயலில் தூவியதும் வாயு வெளியேறும். வாங்கிய நாடு தன் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆக, ஓமானின் கோட்டையும் இந்தியாவின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, சாராயக்கடை முதலாளியின் கல்லீரலையும் குடித்தவனின் கல்லீரலையும் ஒப்பிடுவது போன்றது. முதலாளி ஆரோக்கியமாகத்தான் இருப்பார்.

சூர் ஆலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் பெயரே ஓமான் இந்தியா உர நிறுவனம். பாதிப் பங்கு ஓமானுடையது. மறுபாதி இந்தியாவின் இரண்டு கூட்டுறவு நிறுவனங்களுடையது: இஃப்கோவுக்குக் கால் பங்கு, கிரிப்கோவுக்குக் கால் பங்கு. 2005-ல் உற்பத்தி தொடங்கியது. நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன் யூரியா இந்தியாவுக்கு வந்திறங்கியது.

அதில் நைட்ரஜன் 46 சதவீதம். அதாவது 9.2 லட்சம் டன். அரசுகளுக்கிடையிலான காலநிலைக் குழு 2006-ல் தந்த பொது மதிப்பின்படி, மண்ணில் இடும் நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. வாயுவில் சேரும் ஆக்சிஜனின் எடையையும் கூட்டிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 14,500 டன் வாயு. 273-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 40 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு ஈடு. ஓராண்டுக்கு, ஒரு ஆலைக்கு. மெசயீதின் 56 லட்சம் டன்னுக்கு இதே கணக்கைப் போட்டால் ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டன் வருகிறது. நீர் கட்டிய நெல் வயலுக்கு மதிப்பு குறைவு. ஈரமான புன்செய் நிலத்துக்கு அதிகம். கசிந்தோடி ஆற்றிலும் கிணற்றிலும் சேர்வது தனி. எப்படிப் பார்த்தாலும், இந்த எண் ஓமானின் கணக்கிலும் கத்தாரின் கணக்கிலும் கிடையாது.

காரைக்காலிலோ தூத்துக்குடியிலோ கப்பல் வந்து நிற்கிறது. வெள்ளைக் குருணை மலையாகக் கொட்டிக் கிடக்கிறது. அங்கே 45 கிலோ சாக்கில் கட்டுகிறார்கள். 2022 அக்டோபரிலிருந்து மானிய உரச் சாக்குகள் எல்லாவற்றிலும் ஒரே பெயர்: பாரத். சாக்கின் மூன்றில் இரண்டு பங்கை அந்தப் பெயரும் மத்திய அரசின் உரத் திட்டச் சின்னமும் எடுத்துக்கொள்கின்றன. மற்ற விவரங்களுக்கெல்லாம் மிச்சமிருக்கும் ஒரு பங்கு. சூரில் பிறந்ததும் ருவைஸில் பிறந்ததும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு, மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கிடங்குக்கு வருகின்றன. திருவாரூர் மாவட்டத்தில் சம்பாவுக்கு மேலுரம் இடும் விவசாயி அதை வாளியில் கொட்டி, கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டே கைவீசித் தூவுகிறார். குருணை நீரில் கரைந்து காணாமல் போகிறது. பயிருக்குப் போவது பாதிக்கும் குறைவு. தண்ணீர் வடிந்து, மண் காற்று வாங்கி, மறுபடி நனையும்போது வாயு கிளம்புகிறது. அந்த வாயுவுக்குப் பொறுப்பு அவர் தலையில்.

2020-ல் உலகின் மனிதச் செயல் நைட்ரஸ் ஆக்சைடில் இந்தியாவின் பங்கு 10.9 சதவீதம். சீனாவுக்கு அடுத்த இடம். கருத்தரங்குகளில் இந்த எண்ணைச் சொல்லி இந்திய விவசாயியை நோக்கி விரல் நீட்டுகிறார்கள். உரத்தை விற்றவர் அதே மேடையில், முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அந்த மேடை 2023-ல் துபாயில் போடப்பட்டது. ஐ.நா. காலநிலை மாநாட்டின் தலைவராக இருந்தவர் சுல்தான் அல் ஜாபர். அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனமான அட்னாக்கின் தலைமைச் செயல் அதிகாரியும் அவரே. டிசம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவும் சீனாவும் அமீரகமும் சேர்ந்து, மீத்தேனும் கரியமில வாயு அல்லாத பிற வாயுக்களும் குறித்து ஒரு தனிக் கூட்டம் நடத்தின. எல்லா வாயுக்களையும் கணக்கில் எடுங்கள் என்று உலகுக்கு அறிவுரை சொன்னார்கள். மாநாட்டின் இறுதித் தீர்மானத்தில் மீத்தேனுக்குப் பெயர் சொல்லி இடம் கிடைத்தது. நைட்ரஸ் ஆக்சைடின் பெயர் அந்த வரியில் வரவே இல்லை. 'கரியமில வாயு அல்லாதவை' என்ற கூட்டத்தில் அதுவும் ஒன்றாக நின்றது.

டிசம்பர் 13-ல் மாநாடு முடிந்தது. டிசம்பர் 15-ல் அட்னாக் ஒரு ஒப்பந்தத்தை அறிவித்தது. ஃபெர்டிகுளோப் என்ற உர நிறுவனத்தில் டச்சு நிறுவனமான ஓ.சி.ஐ. வைத்திருந்த பெரும்பங்கை 362 கோடி டாலருக்கு வாங்குவதாக. ருவைஸ் ஆலையும் எகிப்து, அல்ஜீரியா நாடுகளில் உள்ள சில ஆலைகளும் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. கடல்வழியே யூரியாவும் அம்மோனியாவும் அனுப்புவதில் உலகிலேயே பெரியவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் நிறுவனம் அது. 2024 அக்டோபரில் வாங்கல் நிறைவேறியது. அட்னாக்கின் பங்கு 86.2 சதவீதம் ஆனது.

வாங்கியது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. வணிகம் அவர்கள் உரிமை. எல்லா வாயுக்களையும் எண்ணுங்கள் என்று மேடையில் சொன்னவர், மாநாடு முடிந்த இரண்டே நாளில் உலகின் பெரிய நைட்ரஜன் வணிகத்தை வாங்க ஒப்பந்தம் போடுகிறார் என்றால், அந்த நைட்ரஜனின் கணக்கை முதலில் எழுத வேண்டியவர் அவர்தான்.

இதற்கிடையில் அபுதாபியிலிருந்து 'குறைந்த கரிம அம்மோனியா' என்ற பெயரில் ஒரு விற்பனை நடக்கிறது. 2021-ல் ஜப்பானுக்கு மாதிரிச் சரக்கு. 2022-ல் ஹாம்பர்க்குக்கு. ஆலையில் பிடித்த கரியமில வாயுவை வைத்து அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. அம்மோனியா உரமாகி நிலத்தில் விழுந்தால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். எரிபொருளாகச் சரியாக எரியாவிட்டாலும் நைட்ரஸ் ஆக்சைடு வரலாம். பெயர்ச்சீட்டில் அதற்கு இடம் இல்லை.

ஓசோன் விஷயத்திலும் இதே அலட்சியம். மாண்ட்ரியல் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் 2008 நவம்பரில் தோஹாவில் நடந்தது. அடுத்த ஆண்டு, இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஏ. ஆர். ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்று வெளியேறும் ஓசோன் அரிப்பு வாயுக்களில் முதன்மையானது நைட்ரஸ் ஆக்சைடு என்றும், இந்த நூற்றாண்டு முழுவதும் அப்படியே இருக்கும் என்றும் எழுதினார்கள். 2015 நவம்பரில் அதே ஒப்பந்த நாடுகள் துபாயில் கூடின. குளிர்சாதன வாயுக்களைக் குறைக்க வழி வகுத்தார்கள். நல்லது. நைட்ரஸ் ஆக்சைடு இன்றுவரை அந்த ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. வளைகுடா இரண்டு முறை விருந்து வைத்தது. இரண்டு முறையும் தன் கடையில் விற்கும் பொருளுக்குக் கட்டுப்பாடு வரவில்லை.

உள்ளூர்ப் புல்தரையையும் சொல்லாமல் விட முடியாது. துபாய், அபுதாபி, தோஹா நகரங்களின் சாலை நடுவிலும் பூங்காக்களிலும் தெரியும் பச்சை, சுத்திகரித்த கழிவுநீரில் வளர்கிறது. அந்த நீரிலேயே நைட்ரஜன் இருக்கிறது. அதற்கு மேலே உரம். நாற்பது டிகிரி வெயிலில் சூடேறிய மண், மாலையில் தெளிப்பான் திறந்ததும் நனைகிறது, காய்கிறது, மறுபடி நனைகிறது. நுண்ணுயிருக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. இந்த மண்ணுக்குத் தஞ்சாவூர் மண்ணின் காரணியும் பொருந்தாது, டென்மார்க் மண்ணின் காரணியும் பொருந்தாது. 2019-ல் காலநிலைக் குழு காரணிகளைத் திருத்தியபோது, வறண்ட காலநிலைக்கு நூற்றுக்கு அரைப் பங்கு என்று பாதியாகக் குறைத்தது. மழை பெய்யாத ஊர் என்பதால் வளைகுடா வறண்ட பட்டியலில் விழும். ஆனால் அந்தப் புல்தரை வறண்டா கிடக்கிறது? அதற்கு அன்றாடம் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பாய்ச்சும் நிலத்துக்குச் சொந்தக் காரணி வேண்டும். மண்ணில் மூடிக் கூடு வைத்து வாயுவைப் பிடித்து அளக்கும் வேலைக்கு ராக்கெட் தொழில்நுட்பம் தேவையில்லை. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய அமீரகத்தால் அதைச் செய்ய முடியும்.

அமீரகத்தில் சட்டம் வந்துவிட்டது என்பார்கள். வந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் 2025 மே 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் உமிழ்வை அளந்து தெரிவிக்க வேண்டும். தவறினால் 50,000 திர்ஹம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். சுதந்திர வர்த்தக மண்டலங்களுக்கும் விலக்கு இல்லை. கடை நடத்துபவரை அளக்கச் சொல்லும் அரசு, தான் அளந்ததை ஆலைவாரியாக, வாயுவாரியாகப் பொதுவில் வைக்க வேண்டும். காலநிலை மாற்ற, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கோப்புக்குள் போய் உறங்கும் எண்ணால் எவருக்கும் பயனில்லை. 2035-க்குள் 2019-ஐவிட 47 சதவீதம் குறைப்போம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். அதில் நைட்ரஸ் ஆக்சைடின் பங்கு எவ்வளவு என்று தனியே சொல்லட்டும்.

புது தில்லிக்கு வருவோம். இங்கே அப்பாவி வேடம் பலிக்காது. சூர் ஆலையின் பாதி நம்முடையது. இஃப்கோவும் கிரிப்கோவும் விவசாயிகளின் கூட்டுறவுகள். லாபப் பங்கு வருகிறது. யூரியா வருகிறது. 1990-91-ல் நாடு பயன்படுத்திய நைட்ரஜன் 80 லட்சம் டன். 2020-21-ல் 204 லட்சம் டன். இரண்டரை மடங்கு. யூரியாவை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, மற்றச் சத்துகளின் விலையை ஏறவிட்டால் விவசாயி எதை அள்ளுவார்? விலையைத் தீர்மானித்தது உரத்துறை. விவசாயி அல்ல. 2015-ல் வேப்பெண்ணெய் பூச்சைக் கட்டாயமாக்கியது நல்ல வேலை. தழைச்சத்து வீணாவதை அது தாமதப்படுத்துகிறது. அந்தப் பூச்சால் நைட்ரஸ் ஆக்சைடு மாநிலவாரியாக எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொன்னால்தான் அது கணக்கு. சொல்லாதவரை விளம்பரம். 2020-ஆம் ஆண்டுக்கான கணக்கில், நாட்டின் மொத்த உமிழ்வில் நைட்ரஸ் ஆக்சைடு 5.13 சதவீதம் என்று ஐ.நா.வுக்குக் கொடுத்திருக்கிறோம். அதில் எத்தனை பங்கு இறக்குமதி யூரியாவால் வந்தது, எந்த நாட்டின் யூரியாவால் வந்தது என்று பிரித்து எழுதுவதற்கு என்ன தடை? சுங்கத் துறையிடம் ஒவ்வொரு கப்பலின் எடையும் இருக்கிறது.

செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. கத்தார், அமீரகம், சவூதி, ஓமான், குவைத், பஹ்ரைன் ஆகிய ஆறு அரசுகளும் 1990 முதல் இன்றுவரையிலான நைட்ரஸ் ஆக்சைடு கணக்கை, ஆண்டுவாரியாக, ஒரே முறையில் மறுபடி எழுத வேண்டும். எது அளந்தது, எது ஊகித்தது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் குறிக்க வேண்டும். குவைத்தின் 1990-க்கு விளக்கம் வேண்டும். சவூதியின் கோதுமைக்கு விளக்கம் வேண்டும். ஏற்றுமதியான ஒவ்வொரு டன் நைட்ரஜனும் எந்தத் துறைமுகத்துக்குப் போனது, அங்கே எவ்வளவு வாயுவாகும் என்ற தனி அட்டவணை, தேசிய அறிக்கையின் இணைப்பாக வர வேண்டும். பன்னாட்டு விதி அதைக் கேட்கவில்லை என்று பதில் சொல்லாதீர்கள். விதி தடுக்கவும் இல்லை. சூர் ஆலைக்கு அந்த அட்டவணையை ஓமானும் இந்தியாவும் சேர்ந்தே எழுதலாம். இரண்டு கையெழுத்தும் ஏற்கெனவே பங்குப் பத்திரத்தில் இருக்கின்றன. சாக்கின் மேல் பிறந்த இடத்தைப் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் விதிகளில் வளரும் நாடுகளுக்குச் சலுகைகள் உண்டு. சில வாயுக்களை விட்டுவிடலாம். நைட்ரஸ் ஆக்சைடு அந்தச் சலுகையில் இல்லை. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு மூன்றையும் எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். முதல் வெளிப்படைத்தன்மை அறிக்கையின் கெடு 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இரண்டாவது அறிக்கையின் கெடு 2026 டிசம்பர் 31. அந்த அறிக்கையில் மேற்சொன்ன அட்டவணை இல்லையென்றால், அபுதாபி, தோஹா, மஸ்கட் அமைச்சகங்களும் புது தில்லியின் உரத்துறையும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.